அவனும் பதினொரு நாளும்

எங்கள் வீட்டில் 'அவன்' என்றால் ஆள் இல்லை. கேக் சுடுகிற மின்னடுப்பு. கல்முனைக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், சாய்ந்தமருதில் வீட்டில் இருந்து கேக் சுடுகிற பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலக்காரன் வைத்த பெயர். நம்முடைய வாயில் வந்து ஆண்பிள்ளையாகிவிட்டது.

அந்தச் சொல்லால் ஒருமுறை மானம் போகப் பார்த்தது. நான் லீவு முடிந்து ரியாத்துக்குப் போய் நாலு மாதம் இருக்கும். எங்கள் ஒரே மகள், எட்டு வயதுக்காரி, பக்கத்து வீட்டில் போய் நின்று, "அவன் வந்தா வாப்பா இனி வெளிநாடு போகத் தேவல்லயாம், உம்மா சொன்ன" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு ராத்தா விரல் விட்டு மாதம் எண்ணிப் பார்த்திருக்கிறா. நாலு மாதம், சரியாக வருகிறது. பின்னேரமே இனிப்பாக ஒரு சட்டி வட்டிலாப்பத்தோடு வந்து, வயிற்றுப் பிள்ளைக்காரி என்ன சாப்பிடுகிறாள் என்று என் மாமியிடம் விசாரித்திருக்கிறா. மாமி அடுப்படிக்கு ஓடிப் போய் என் மனைவியின் வயிற்றைப் பார்த்தாவாம். வட்டிலாப்பத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

மனைவி இதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மகள் சொன்னது பொய்யில்லை. அவன் வந்தால் நான் போகத் தேவையில்லை என்பதுதான் எங்கள் இருவருடைய ஒப்பந்தம்.

மனைவியிடம் இருந்தது சின்ன அவன். ஒரு தடவைக்கு ஒரு கேக்தான் வேகும். கல்யாணக் காலம் வந்தால் விடிய சுபஹுக்கு மூட்டினால் இரவு இஷாவுக்குத்தான் ஆறும். கை நல்ல கை. வரிப்பத்தான்சேனையில் வேளாண்மை வெட்டி முடிந்து கல்யாணம் வைக்கிறவர்கள்கூட அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேக் கேட்பார்கள். மூன்று பேர் கேட்டால் இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இல்லை என்று சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது. நாலு தட்டு வைக்கிற பெரிய அவன் ஒன்று இருந்தால் வீட்டுச் செலவை அவளே பார்த்துக்கொள்வாள். நான் ஊரிலே ஒரு சின்ன வேலையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு முட்டையும் மாவும் சுமந்துகொண்டு இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்கவில்லை.

ரியாத்தில் எனக்கு வேலை வீட்டுச் சாமான் கடை ஒன்றின் களஞ்சியத்தில். வருகிறதை எண்ணி எழுதுவது, போகிறதை எண்ணி எழுதுவது. பதினாறு வருடமாக எண்ணியே பிழைத்தவன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஒரு பெட்டி குறைந்தால் சுமக்கிற ஆட்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். பிறகு பார்த்தால் அந்தப் பெட்டி நான் உட்கார்கிற கதிரைக்குப் பின்னால்தான் இருக்கும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அறையில் என்னோடு மருதமுனைக்காரன் ஒருவன் இருந்தான். சட்டம் முழுக்க நாக்கு நுனியில் வைத்திருப்பான். அவன்தான் (இது ஆள்) வரிச் சலுகையைப் பற்றிச் சொன்னான். வெளிநாட்டில் நின்று திரும்புகிறவன் வீட்டுக்குக் கொண்டு வருகிற சாமான்களுக்குச் சுங்க வரியில் சலுகை உண்டு. முழுசாக ஒரு வருடம் நின்றவனுக்குப் பெரிய சலுகை. ஒரு வருடத்துக்குக் குறைந்தால் சின்னச் சலுகை, அதில் ஒரு அயன் பெட்டிதான் அடங்கும். நடுவில் ஊருக்குப் போய் வந்தால் எண்ணிக்கை முறிந்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். பெரிய அவனைக் கொண்டுபோக வேண்டுமென்றால் வருடம் நிறையும் மட்டும் அசையாதே என்று சொல்லிவிட்டு, அவன் வேறு வேலை கிடைத்துத் தம்மாமுக்குப் போய்விட்டான். போகும்போது என் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

நோன்பு மாதம் நெருங்கும்போது மகள் அழைத்தாள். வழக்கமாக உம்மாதான் தொலைபேசியை அவள் கையில் திணிப்பாள். அன்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"வாப்பா, இந்த முறை நான் நோன்பு புடிக்கப் போறன். என்ட முதல் நோன்பு. நீங்க வரணும்."

முதலாளியிடம் கேட்டால் பத்து நாள் விட்டிருப்பார். பயணச் சீட்டுக்கும் கையில் இருந்தது. ஆனால் வருடம் முறிந்துவிடும். இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது. சுங்கம், சலுகை, வருடம் என்று நான் ஏதேதோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவனுக்காகவா வர மாட்டீங்க?" என்றாள்.

அவனும் உங்களுக்காகத்தானே மகள் என்றேன். அவள் தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

முதல் நோன்பு திறக்கிற அன்று வீடியோவில் காட்டினார்கள். ஊரில் பொழுது பட்டு மஃரிபு, ரியாத்தில் வெயில் இன்னும் சுவரில் நிற்கிறது, எனக்கு நோன்பு திறக்க நேரம் கிடக்கிறது. புதுச்சட்டை, கையில் மருதோன்றி, சுற்றிவர இனசனம், நடுவில் என் பிள்ளை. உதடு காய்ந்து, முகம் சின்னதாகி, ஆனால் பெரிய மனுசி மாதிரி இருந்தாள். பள்ளியில் பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தை யார் ஊட்டுவது என்று ஒரு கதை வந்தது. வாப்பாதான் ஊட்ட வேண்டும். வாப்பா ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள் நிற்கிறார். கடைசியில் மனைவியின் அண்ணன், என் மச்சான் ஊட்டினார். மகள் அதை மென்றுகொண்டே தொலைபேசியைப் பார்த்தாள். அப்படியே படம் உறைந்து போயிற்று. நான் சலவை இயந்திரப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பெட்டி குறைகிறது என்று எல்லோரையும் ஏசினேன்.

அதன் பிறகு நாட்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கழிந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் முந்தி, துல்ஹஜ் மாதம் பிறை ஏழில், பெருநாளைக்குக்கூட நிற்காமல் விமானம் ஏறியவன் நான். என் முதலாளி வயசாளி. லீவுப் புத்தகத்தை ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய மாதக் கணக்கில்தான் எழுதுவார். புத்தகத்தைத் திறந்து, துல்ஹஜ் ஏழில் வந்திருக்கிறாய், துல்ஹஜ் ஏழு வருகிறது, வருடம் நிறைந்தது, பெருநாளுக்குப் பிள்ளையிடம் போ என்றார். ஊரில் மாமியின் கணக்கும் அதுதான். ஹஜ்ஜுக்குப் போனவர் ஹஜ்ஜுக்கு வருகிறார் என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. பெருநாளில் இருந்து பெருநாள் ஒரு வருடம். இதில் எண்ண என்ன இருக்கிறது? அவனை வாங்கிக் கப்பலில் போட்டு முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.

கொழும்பில் இறங்கிய அன்றே பொதிகள் எடுக்கிற களஞ்சியசாலைக்குப் போனேன். என் முறை வந்தபோது பகல் சாய்ந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் கடவுச்சீட்டில் போன முத்திரையையும் வந்த முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தா. கல்குலேட்டரைத் தட்டினா. பிறகு தலையை ஆட்டி, "தவஸ் எகொளஹக் மதி" என்றா.

நமக்கு மதி என்றால் நிலா. சிங்களத்தில் மதி என்றால் போதாது. பதினொரு நாள் போதாதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹஜ்ஜுக்குப் போய் ஹஜ்ஜுக்கு வந்திருக்கிறேன், ஒரு நாள் குறையாது, வேண்டுமென்றால் என் முதலாளியைக் கேளுங்கள் என்று தமிழும் சிங்களமுமாக ஒரு பிடி பிடித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மணி கோபப்படவில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் கிடந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தா. இந்த வருடம் பெருநாள் எப்போது என்று விரலை வைத்தா. கழிந்த வருடம் எப்போது என்று தன் தொலைபேசியில் தேடிக் காட்டினா. பிறகு மெதுவாக, உடைந்த தமிழில், "உங்கட பெருநாள் ஒவ்வொரு வருசமும் முன்னுக்கு வருதுதானே, ஐயா" என்றா.

நோன்பு ஒரு காலத்தில் மழைக்குள் வரும், பிறகு நகர்ந்து நகர்ந்து வெயிலுக்குள் வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பிறைக் கணக்கில் வருடம் பதினொரு நாள் குட்டை. அது எனக்கும் தெரியும். தெரிந்த விசயத்தை ஒரு சிங்கள அம்மணி கலண்டரோடு வந்து சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு வருடம் பெட்டி எண்ணியவன் கதிரைக்குப் பின்னால் பார்க்கவில்லை.

வேண்டுமென்றால் வரியைக் கட்டி எடுக்கலாம் என்றா. அந்த வரிக்கு என் கையில் வழியில்லை. இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பெட்டிக்குள் அவன் நின்றான். அட்டையில் என் கையெழுத்தில் என் மனைவியின் பெயர். ஒரு வருடம் அவனுக்காக நின்றேன், அவன் ஒரு வேலிக்கு அப்பால் நிற்கிறான். கையைக் காட்டிவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

மனைவிக்குச் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "எங்கட உம்மாட கணக்கில வந்திருக்கீங்க" என்றாள். சிரிப்பு முடிந்ததும் பெருமூச்சு ஒன்று விட்டாள். அந்தப் பெருமூச்சுத்தான் எனக்குச் சுட்டது. இன்னொரு வருடம் என்பது அதற்கு அர்த்தம். இரண்டு பேருக்கும் விளங்கியது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் இறங்கியபோது பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அவன் வந்தாச்சா என்று கேட்டா. இல்லை, நான் மட்டும்தான் என்றேன்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். ஆகையால் அது மாமியின் வீடு. இத்தனை வருடத்தில் மாமி என்னிடம் நேருக்கு நேர் கதைத்ததை விரல்விட்டு எண்ணலாம். எதுவானாலும் திரைக்குப் பின்னால் நின்று தன் மகளிடம் சொல்வா, அது எனக்குக் கேட்கும். அன்றும் அப்படித்தான்.

"மருமகனுக்குச் சொல்லு புள்ள, அவர்ர கணக்கில ஒரு பிழையும் இல்ல. பிறைதான் சரி. சுங்கத்துக்காரங்கதான் பதினொரு நாளக் கூட்டி வச்சிரிக்காங்க."

எனக்கு அந்த நேரத்தில் மாமியைப் போல ஒரு நல்ல மனுசி உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

மகள் மட்டும் கிட்ட வரவில்லை. கொண்டு வந்த சொக்லட்டைத் தொடவில்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நான் உட்கார்ந்திருந்தபோது முன்னால் வந்து நின்றாள். அந்த ஒரு கேள்வியை முழுப் பகலும் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள் போல.

"அவன் எப்பிடியும் வராதெண்டா, நீங்க நோன்புக்கு வந்திருக்கலாம்தானே வாப்பா?"

அந்த அம்மணியிடம் ஒரு பிடி பிடித்த வாயால், ஓம் மகள், வந்திருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கண் கலங்கிவிட்டது, அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பிறகு, நாளைக்கு அரஃபா நோன்பு, தான் பிடிக்கப் போவதாக அறிவித்தாள். ஹஜ்ஜுக்குப் போகாதவர்கள் பெருநாளுக்கு முதல்நாள் பிடிக்கிற நோன்பு அது, கட்டாயமில்லை. நானும் பிடிக்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து மனைவி, இப்பதான் பயணத்தால வந்த மனுசன், பயணக்காரருக்கு நோன்பில சலுகை இரிக்கி என்றாள்.

"எனக்கு ஒரு சலுகையும் வேணாம் புள்ள" என்றேன்.

அடுத்த நாள் நானும் மகளும் நோன்பு. அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். பத்து மணிக்குப் பசிக்கும், பதினொன்றுக்குப் போய்விடும், பகல் இரண்டுக்குத்தான் தாகம் பொல்லாதது, அப்போது கிணற்றடிப் பக்கம் போகக் கூடாது. முழு நோன்பு மாதமும் பிடித்த அனுபவசாலி. உண்மையில் பிடித்தது பதின்மூன்று என்று அவள் உம்மா என் காதுக்குள் சொன்னாள். மஃரிபு பாங்கு சொன்னதும் நான் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள், கொட்டையோடு. அதுவும் இனித்தது.

பெருநாள் வந்தது, போயிற்று. பெருநாள் கழிந்த கையோடு கல்யாணங்கள் தொடங்கின. பெரிய அவன் வரும் என்ற நம்பிக்கையில் மனைவி ஏழு கேக்குக்கு ஓம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது சின்னவன்தான் கதி. நான் அவனுக்கு 'இவன்' என்று பேர் வைத்தேன். இவனுடைய கதவு ஒழுங்காகச் சாத்தாது, நான் முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதுகு வெந்தது. முட்டை அடித்தேன், தட்டுக்கு எண்ணெய்க் கடதாசி வெட்டினேன், ஒரு கேக்கை அவசரத்தில் கவிழ்த்து ஏச்சும் வாங்கினேன். ஏசினதுக்கு நான் திருப்பி ஏசவில்லை. மனைவி இதை இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் மச்சான் ஒலுவில் துறைமுகத்தில் இருந்து மீன் கொண்டு வருவார், நானும் மகளும் வாசலில் இருந்து உரசுவோம். செதில் எல்லாம் அவளுடைய தலையில்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு கேக்கும் போய்ச் சேர்ந்தன. அந்தக் காசும், அதற்கடுத்த மாதக் கேக் காசும் சேர்ந்து வரியைக் கட்டியது. அவன் ஒரு லொறியில் வந்து இறங்கினான், தெருவே கூடிப் பார்த்தது. வரிக்குப் போன காசு எங்களை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. லீவு முடிய நான் திரும்பவும் ரியாத்துக்குப் போனேன். இப்போதும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன், பெட்டிகளுக்கு நடுவில். இதுதான் கடைசித் தடவை என்று மனைவி சொல்கிறாள், அவன் நன்றாக உழைக்கிறானாம்.

ஆனால் அந்தப் பதினோராவது நாளைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசிக் கேக் போன நாள் அது. பின்னேரம் நானும் மகளும் கடற்கரைக்குப் போனோம். தோணிகள் மணலில் ஏறிக் கிடந்தன. மகள் ஒரு தோணியின் ஓரத்தில் ஏறி இருந்துகொண்டு, விரல்களை மடக்கி மடக்கி ஏதோ செய்துகொண்டிருந்தாள். என்ன மகள் என்றேன்.

"நீங்க சரியா எண்ணியிருந்தா, இன்டைக்குத்தானே வந்திருப்பீங்க?"

ஓம் என்றேன். அரஃபா நோன்பு, பெருநாள், கொட்டையோடு தின்ற பேரீச்சம்பழம், கவிழ்ந்த கேக், மீன் செதில் எல்லாம் அந்த விரல்களுக்குள் இருந்தன. ஒன்றும் எனக்குக் கிடைத்திருக்காது.

அவள் விரல்களை விரித்துவிட்டாள்.

"அப்ப இனி எண்ணாதீங்க வாப்பா."

அதற்கடுத்த நோன்புக்கு நான் லீவில் ஊருக்குப் போய் வந்தேன். வருடம் நிறையவில்லை. சுங்கத்தில் எத்தனை நாள் வெளியில் நின்றாய் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கடவுச்சீட்டைப் பார்த்து அவர்களே எண்ணிக்கொண்டார்கள்.